பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரா, புதிய ஹைபிரிட்டா? வடசென்னை வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பாட்டுக் கேட்பதற்கென்று நல்ல ஆம்ப்ளிஃபயர் தேடுபவர்கள், இன்று பெரும்பாலும் இரண்டு பொருள்களுக்கு நடுவே வந்து நிற்கிறார்கள். ஒன்று, ஐம்பதுகளிலோ அறுபதுகளிலோ செய்யப்பட்டு முழுக்க வால்வுகளாலேயே (காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்களாலேயே) இயங்கும் பழைய ஆம்ப்ளிஃபயர். மற்றொன்று, முன்பகுதியில் ஒன்றிரண்டு சிறிய வால்வுகளும் பின்பகுதியில் டிரான்சிஸ்டர்களும் கொண்டு இப்போது விற்கப்படும் ஹைபிரிட். எது இனிமையாக ஒலிக்கும் என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதால் பலர் குழம்பிப்போகிறார்கள். இராயபுரத்திலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ பெரம்பூரிலோ குடியிருப்பவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் வேறு. என்னிடம் உள்ள ஸ்பீக்கர் எப்படிப்பட்டது? என் வீட்டு மின்சாரமும் காற்றும் எப்படிப்பட்டவை? பழுதானால் திறந்து பார்க்கத் தெரிந்த மெக்கானிக் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்? இவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால் ஆம்ப்ளிஃபயர் பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். வடசென்னையின் பெரும்பாலான வீடுகளுக்கு நன்றாகச் செய்யப்பட்ட ஹைபிரிட்தான் பொருந்தும். ஆனால் மூன்று விடைகளும் சாதகமாக அமைந்த வீட்டில், நல்ல நிலையில் உள்ள பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் தரும் இசைக்கு ஹைபிரிட் ஈடாகாது என்றே நான் நம்புகிறேன்.

உள்ளே நடப்பது என்ன

வால்வு ஆம்ப்ளிஃபயரில் கடைசிப் பகுதியில் இருக்கும் பெரிய வால்வுகள் முந்நூறு, நானூறு வோல்ட் அழுத்தத்தில் மிகக் குறைந்த மின்னோட்டத்தைக் கையாள்கின்றன. ஸ்பீக்கருக்கோ குறைந்த வோல்ட்டும் அதிக மின்னோட்டமும் தேவை. இந்த இரண்டையும் பொருத்துவது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். பழைய ஆம்ப்ளிஃபயரின் எடையில் பெரும்பகுதியும், அதன் குணத்தில் பெரும்பகுதியும் அந்த இரும்பிலும் தாமிரத்திலும்தான் இருக்கின்றன. 1953இல் வந்த குவாட் 2, 1959இல் வந்த டைனாகோ ஸ்டீரியோ 70, 1961இல் வந்த மெக்கின்டாஷ் எம்சி275 போன்றவை இன்றும் மதிக்கப்படுவதற்கு அவற்றின் டிரான்ஸ்ஃபார்மர்கள் முக்கியமான காரணம். அவற்றின் திறன் முறையே 15 வாட், சேனலுக்கு 35 வாட், சேனலுக்கு 75 வாட். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

ஹைபிரிட்டில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் பொதுவாக இருக்காது. இசிசி83, இசிசி82 போன்ற சிறிய வால்வுகள் வரும் சிக்னலை ஓரளவு பெரிதாக்கிக் கொடுக்க, ஸ்பீக்கரைத் தள்ளும் வேலையை மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்களோ, மின்சாரத்தை மிக வேகமாக விட்டு விட்டுச் செலுத்தும் கிளாஸ் டி சர்க்யூட்டோ செய்கின்றன. மெக்கின்டாஷ் எம்ஏ252 இப்படி 8 ஓம் (ஸ்பீக்கர் மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பின் அளவு) ஸ்பீக்கருக்கு 100 வாட் தருகிறது; ரோக் ஆடியோவின் ஸ்ஃபிங்க்ஸ் கிளாஸ் டி வழியில் அதே அளவைத் தருகிறது. ஆகவே ஹைபிரிட்டைப் பாதி விலையில் கிடைக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயர் என்று எண்ணுவது சரியல்ல. முன்பகுதி வால்வு குரலுக்கும் நரம்புக் கருவிகளுக்கும் சற்று மென்மையான நிறத்தைச் சேர்க்கும். ஆனால் பாஸ் எப்படி ஒலிக்கிறது, ஸ்பீக்கரின் கூம்பு எவ்வளவு விரைவாக நிற்கிறது என்பவற்றில் அது முழு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் போலவே நடந்துகொள்ளும். முழு வால்வின் குணம் வேண்டும் என்று ஹைபிரிட் வாங்கி ஏமாற்றம் அடைபவர்கள் இருக்கிறார்கள். தவறு பொருளில் இல்லை, எதிர்பார்ப்பில்தான் இருக்கிறது.

ஸ்பீக்கரே முதல் முடிவு

ஸ்பீக்கரின் பின்புறத்திலோ கையேட்டிலோ ஒரு டெசிபல் எண் இருக்கும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் எவ்வளவு சத்தம் வருகிறது என்பதுதான் அது. இன்று கடைகளில் கிடைக்கும் சிறிய பெட்டி ஸ்பீக்கர்கள் பல 84 முதல் 87 டெசிபலுக்குள் இருக்கின்றன. சத்தம் 3 டெசிபல் கூட வேண்டுமென்றால் வாட் இரண்டு மடங்காக வேண்டும்; 10 டெசிபல் கூட வேண்டுமென்றால் பத்து மடங்காக வேண்டும். 86 டெசிபல் ஸ்பீக்கரில் 96 டெசிபல் உச்சத்தை எட்ட 10 வாட் செலவாகும்; 92 டெசிபல் ஸ்பீக்கருக்கு அதே உச்சத்துக்கு இரண்டரை வாட் போதும். தவில் விழும் இடத்திலும், பல வயலின்கள் ஒன்றாக எழும் இடத்திலும் இசை சராசரி அளவிலிருந்து பத்து, பதினைந்து டெசிபல் எளிதாகத் தாண்டும் என்பதால், 86 டெசிபல் பெட்டியை 10 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயருடன் இணைத்தவர் மென்மையான பாடல்களில் மகிழ்ந்து, மேளம் தொடங்கியதும் முகம் சுளிப்பார்.

அடுத்து ஓம் கணக்கு. பழைய பிரிட்டிஷ் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 15 ஓம். ஆகவே அந்தக் கால ஆம்ப்ளிஃபயர்களில் 4, 8, 16 என்று தனித்தனி முனைகள் இருக்கும், அல்லது உள்ளே கம்பியை மாற்றிப் பற்றவைக்கும் ஏற்பாடு இருக்கும். இன்றைய ஸ்பீக்கரின் மேல் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும், சில சுருதிகளில் அது 4 ஓமுக்கும் கீழே இறங்குவது உண்டு. டிரான்சிஸ்டர் அதைப் பொறுத்துக்கொள்ளும். வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் அவ்வளவு எளிதாகப் பொறுத்துக்கொள்வதில்லை. மேலும், வால்வு ஆம்ப்ளிஃபயரின் உள் எதிர்ப்பு அதிகம் என்பதால், ஸ்பீக்கரின் ஓம் ஏறும் இடங்களில் சத்தமும் சற்று ஏறும். பாஸ் பகுதியில் உண்டாகும் அந்தச் சிறு பெருக்கத்தைத்தான் பலர் வால்வின் நிறைவான ஒலி என்று பாராட்டுகிறார்கள். பொருத்தமான ஸ்பீக்கரில் அது உண்மையிலேயே நிறைவாக இருக்கும். பொருந்தாத ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி தளர்ந்து, கும்கி (தொப்பியில் கையை அழுத்தி எழுப்பும் இழுவை நாதம்) எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் போகும்.

எனவே உங்களிடம் ஏற்கெனவே சிறிய, நவீன, 86 டெசிபல் ஸ்பீக்கர் இருந்து, அதை மாற்றும் எண்ணம் இல்லையென்றால், ஹைபிரிட் பக்கம் செல்லுங்கள். 90 டெசிபலுக்கு மேல், 8 ஓமுக்கு அருகில் நிலையாக நிற்கும் பெரிய பெட்டிகள் இருந்தாலோ, வாங்கவும் வைக்கவும் இடம் இருந்தாலோ, பழைய வால்வைப் பற்றி யோசிக்கலாம்.

அறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வடசென்னையின் பழைய தெருக்களில் ஒரே சுவரை இரண்டு வீடுகள் பகிர்ந்துகொள்வது வழக்கம். வாரியக் குடியிருப்புகளிலும் அறைகள் சிறியவை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில், பக்கத்து வீட்டாரின் உறக்கத்தையும் மதித்துக் கேட்கும் ஒருவருக்கு 100 வாட் ஒருபோதும் தேவைப்படாது. வாட்டைப் பொறுத்தவரை சிறிய அறை பழைய வால்வுக்குச் சாதகமானது. வெப்பத்தைப் பொறுத்தவரை நேர்மாறானது. நான்கு பெரிய இஎல்34 வால்வுகளின் ஹீட்டர்கள் (வால்வைச் சூடாக்கும் உள் இழைகள்) மட்டுமே ஏறக்குறைய 38 வாட் எடுத்துக்கொள்ளும். முழு ஆம்ப்ளிஃபயரும் பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் 200 வாட்டுக்கு அருகில் எடுத்து, அனைத்தையும் அறைக்குள் வெப்பமாக விடும். கத்திரி வெயிலில் ஏ.சி. இல்லாத அறையில் இதை உணராமல் இருக்க முடியாது. நாளுக்கு நான்கு மணி நேரம் கேட்டால், இரண்டு மாத மின் கணக்கில் 48 யூனிட் இதற்கே போகும். சாதாரண ஹைபிரிட் ஒன்றுக்கு அதே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு யூனிட் போதுமானது.

மின்சாரமும் கடற்காற்றும்

இங்கிலாந்தில் செய்யப்பட்ட பழைய ஆம்ப்ளிஃபயர்களில் 200 முதல் 250 வோல்ட் வரை மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கும். நம் வீட்டு மின்சாரம் 230 என்று சொல்லப்பட்டாலும், பின்னிரவில் 245ஐத் தொடும் தெருக்களும், மாலையில் 200க்குக் கீழே விழும் தெருக்களும் உண்டு. ஒரு வாரம் காலை, மாலை, இரவு என்று மல்டிமீட்டரை வைத்து அளந்து குறித்துக்கொண்ட பிறகே எந்த வோல்ட் முனையில் வைப்பது என்று தேர்ந்தெடுங்கள். மின் அழுத்தம் பத்து சதவீதம் ஏறினால் 6.3 வோல்ட்டில் எரிய வேண்டிய ஹீட்டர் 6.9இல் எரியும்; வால்வின் ஆயுள் குறையும். அமெரிக்கத் தயாரிப்பு என்றால் 117 வோல்ட்டுக்கு இறக்கித் தரும் டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வேண்டும். அது மட்டும் போதாது. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டுமே கணக்கிட்டுச் சுற்றப்பட்ட டிரான்ஸ்ஃபார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும். ஆகவே பெயர்ப்பலகையில் 50 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், அது சைன் வேவ் வகையா என்று கேட்டறியுங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் பழைய டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடாகும். மின்வெட்டு நேரத்தில் ஆம்ப்ளிஃபயரை அணைத்து வைப்பதே நல்லது.

எர்த் பற்றிப் பேசாமல் இதைக் கடந்து செல்ல முடியாது. பழைய வீடுகளில் மூன்றாவது பின் இருக்கும் இடத்தில் துளை மட்டும் இருக்கும், அதன் பின்னால் கம்பி இருக்காது. பழைய ஆம்ப்ளிஃபயர்களிலும் இரண்டு கம்பி வயரே வரும். உள்ளே நானூறு வோல்ட் ஓடும் ஓர் இரும்புப் பெட்டியை எர்த் இல்லாமல், பிள்ளைகள் நடமாடும் வீட்டில் வைக்கக் கூடாது. எலக்ட்ரீஷியனை வைத்து முறையான எர்த் கம்பி இழுத்து, ஆம்ப்ளிஃபயருக்கு மூன்று கம்பி வயர் மாற்றிய பிறகே முதல் முறை ஸ்விட்ச் போட வேண்டும். இதற்கு ஆகும் செலவை ஆம்ப்ளிஃபயரின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

கடற்காற்று இரண்டு வகைப் பொருளையும் தாக்கும், ஆனால் வெவ்வேறு விதமாக. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரையிலான கரையோரத் தெருக்களில் வால்வின் பின்களிலும் சாக்கெட்டுகளிலும் பச்சை பூக்கும். டிரான்ஸ்ஃபார்மரின் காகிதச் சுற்றுக்குள் ஈரம் புகும். இவற்றை ஒரு கைதேர்ந்த மெக்கானிக்கால் துடைத்துச் சரிசெய்ய முடியும். ஹைபிரிட்டின் உள்ளே உள்ளவை மிக நுண்ணிய உறுப்புகள் நெருக்கமாகப் பதிக்கப்பட்ட போர்டுகள். அங்கு உப்பும் ஈரமும் படிந்தால் பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதே கடினம். போர்டு முழுவதையும் மாற்றச் சொல்வார்கள். வியாசர்பாடி, பெரம்பூர், கொளத்தூர் என்று உள்ளே தள்ளி வர வர இந்தக் கவலை குறையும். கரையோரத்தில் இருப்பவர்கள் எதை வாங்கினாலும் கடல் பார்த்த ஜன்னலுக்கு எதிரே வைக்காமல் இருப்பதும், ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் வாரம் இரண்டு முறையாவது ஒரு மணி நேரம் ஓடவிடுவதும் அவசியம். உள்ளே எழும் வெப்பமே ஈரத்தை வெளியேற்றும்.

பழையது எங்கிருந்து வருகிறது

சென்னையில் விற்பனைக்கு வரும் வால்வுப் பொருள்கள் மூன்று வகை. முதலாவது, பெரம்பூர், இராயபுரம் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் வீடுகளிலிருந்தும், ஓய்வு பெற்ற இரயில்வே, துறைமுக ஊழியர்களின் வீடுகளிலிருந்தும் வரும் ரேடியோகிராம்கள் (ரேடியோவும் இசைத்தட்டு பிளேயரும் ஒரே பெட்டியில் உள்ளவை). இரண்டாவது, சவுண்ட் சர்வீஸ்காரர்கள் திருவிழாவுக்கும் கூட்டத்துக்கும் கட்டிய மைக் செட் ஆம்ப்ளிஃபயர்கள். மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து வந்த உண்மையான ஹைஃபை ஆம்ப்ளிஃபயர்கள். இவை மிகக் குறைவு. சென்ட்ரலுக்கு அருகே அல்லிக்குளம் வளாகத்தில் இயங்கும் மூர் மார்க்கெட்டிலும், அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும் விசாரித்தால் பொருளோ, பொருள் வைத்திருப்பவரைத் தெரிந்த ஒருவரோ கிடைப்பார்.

இவற்றில் மைக் செட் ஆம்ப்ளிஃபயரைப் பற்றி எச்சரிக்கையாக இருங்கள். பார்ப்பதற்கு இஎல்34 வால்வுகளுடன் கம்பீரமாக இருக்கும், விலையும் குறைவாக இருக்கும். ஆனால் கூம்பு ஸ்பீக்கர்களை நீண்ட வயரில் ஓட்டுவதற்காக 100 வோல்ட் லைன் முறையில் செய்யப்பட்ட அதன் டிரான்ஸ்ஃபார்மர், பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவே சுற்றப்பட்டது. ஆழ்ந்த பாஸும் நுண்ணிய மேல் ஒலியும் அதற்குத் தேவைப்படவில்லை. பின்புறத்தில் 100வி, 70வி என்று எழுதிய முனைகள் இருந்தால், வீட்டு இசைக்காக அதை வாங்க வேண்டாம். ரேடியோகிராமின் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் சில வாட்டுகளே தரும் என்றாலும், அதன் சொந்த ஸ்பீக்கரில் கேட்கும்போது மிக இனிமையாக இருக்கும். அதைப் பிரித்தெடுத்து வேறு பெட்டியில் இணைக்க முயல்வதில் பயன் குறைவு.

திறந்து பார்த்து வாங்குங்கள்

பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரை மேலிருந்து பார்த்து விலை பேசக் கூடாது. மின் வயரைப் பிடுங்கிவிட்டு, தலைகீழாகத் திருப்பி, அடித்தகட்டைக் கழற்றச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். திறந்ததும் கை வைக்காதீர்கள். பல நாள் அணைந்திருந்ததாகச் சொன்னாலும், கண்டென்சர்களில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கலாம். அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை இறக்கி, மீட்டரில் பூஜ்யம் வந்ததை உறுதி செய்துகொள்வார். பிறகு மின்சாரம் கொடுத்து அளக்கும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையில் மட்டுமே மீட்டரின் முனையைப் பிடித்திருப்பார். இரண்டு கையும் உள்ளே இருந்தால், அதிர்ச்சி நெஞ்சின் குறுக்கே பாயும் என்பது அவருக்குத் தெரியும். ஒருவர் வால்வு வேலை தெரிந்தவரா என்று அறிய நான் பார்ப்பது அந்த இடது கையைத்தான்.

உள்ளே முதலில் பார்க்க வேண்டியவை டிரான்ஸ்ஃபார்மர்கள். மூடியின் ஓரத்தில் கருப்புத் தார் உருகி வழிந்து உறைந்திருந்தால், அது ஒருமுறையாவது கடுமையாகச் சூடேறியிருக்கிறது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் நடு முனையிலிருந்து இரண்டு பக்கமும் ஓம் அளந்தால் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். ஒரு பக்கம் மீட்டர் அசையவே இல்லையென்றால் சுற்று அறுந்திருக்கிறது. மோட்டார் காயில் கட்டும் கடையில் கொடுத்து மறுபடி சுற்றிக்கொள்ளலாம் என்று விற்பவர் சொல்வார். ஆனால் ஒலிக்கான டிரான்ஸ்ஃபார்மரில் வால்வுப் பக்கச் சுற்றும் ஸ்பீக்கர் பக்கச் சுற்றும் அடுக்கடுக்காக மாறி மாறி வர வேண்டும்; அந்த அடுக்கு முறை தெரியாமல் சுற்றினால் மேல் ஒலிகள் மங்கிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் போன ஆம்ப்ளிஃபயரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர்கள் நன்றாக இருந்தால், மற்ற எதையும் மாற்றிக்கொள்ளலாம்.

மாற்றத்தான் வேண்டியிருக்கும். மெழுகு பூசிய பழைய காகிதக் கண்டென்சர்கள், வெளியே பழுதில்லாததுபோல் தெரிந்தாலும், உள்ளே கசியத் தொடங்கியிருக்கும். அந்தக் கசிவு அடுத்த வால்வின் கிரிடுக்கு (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் உள்வலைக்கு) சென்றால், வால்வு அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுத்துத் தன் பிளேட் சிவக்கும்வரை எரியும். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். விளக்கை அணைத்துவிட்டு இருபது நிமிடம் வால்வுகளைக் கவனியுங்கள். நடுவில் தெரியும் ஆரஞ்சு நிற இழை ஹீட்டர், அது இயல்பானது. அதைச் சுற்றியுள்ள சாம்பல் நிறத் தகட்டில் செங்கல் நிறத்தில் ஒரு திட்டு தோன்றினால், உடனே அணைக்க வேண்டும். மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர்கள் காய்ந்திருந்தால் ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்கும். அது 100 ஹெர்ட்ஸில் வரும். ஹீட்டர் வயரிங்காலோ எர்த் கோளாறாலோ வரும் இரைச்சல் 50 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு ஸ்தாயி கீழே. சுருதி ஞானம் உள்ளவர் இரண்டையும் காதாலேயே பிரித்தறியலாம்.

வால்வின் கண்ணாடி உச்சியில் வெள்ளி பூசியதுபோல் ஒரு பளபளப்பு இருக்கும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. அந்த வால்வு இனி வேலை செய்யாது. மல்லார்ட் என்று அச்சிட்ட பெயரை மட்டும் நம்பி அதிக விலை கொடுக்க வேண்டாம். பெயரை அழித்துப் புதிதாக அச்சிடுவது எளிது. உண்மையான மல்லார்டில் கண்ணாடியின் அடிப்பகுதியில் சிறிய எழுத்துகளில் ஒரு குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். அதன் இரண்டாம் வரி ஆங்கில பி எழுத்தில் தொடங்கினால் பிளாக்பர்ன் தொழிற்சாலை. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஒரு காலத்தில் செய்த இசிசி83, இஎல்84 வால்வுகளும் நல்ல தரமானவை. பழைய சரக்கில் அவை கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். இஎல்34, இஎல்84, கேடி88, இசிசி83 ஆகியவை ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் இன்றும் செய்யப்படுகின்றன. ஆகவே இவற்றில் ஓடும் ஆம்ப்ளிஃபயரையே தேர்ந்தெடுங்கள். புழக்கத்தில் இல்லாத வால்வு ஒன்று இருந்தாலும், அது போகும் நாளில் ஆம்ப்ளிஃபயரே நின்றுவிடும்.

பெரிய வால்வுகள் 2,000 முதல் 5,000 மணி நேரம் வரை தாங்கும். நாளுக்கு மூன்று மணி நேரம் என்றால் ஏறக்குறைய இரண்டிலிருந்து நாலரை ஆண்டுகளுக்கு ஒருமுறை அவை அனைத்தையும் பொருத்தம் பார்த்து மாற்ற வேண்டும். பல ஆம்ப்ளிஃபயர்களில், மாற்றும்போது பயாஸையும் (பாட்டு இல்லாதபோது வால்வு இழுக்கும் மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் அமைப்பையும்) சரிசெய்ய வேண்டும். சிறிய வால்வுகள் அதைவிட நெடுநாள் உழைக்கும். வாங்கும் விலையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைச் சீரமைப்புக்காகத் தனியே எடுத்து வைக்க முடியாதவர்கள், பழையதில் இறங்காமல் இருப்பதே நிம்மதி.

ஹைபிரிட்டைச் சோதிப்பது

ஹைபிரிட்டில் சோதிக்க வேண்டியவை குறைவு. ஆனால் ஒன்று மிக முக்கியம். விலை குறைந்த சில பெட்டிகளில் வால்வின் அடியில் ஆரஞ்சு நிற எல்இடி பொருத்தி, எரிவதுபோல் காட்டுகிறார்கள். ஸ்விட்ச் போட்ட நொடியிலேயே வால்வு முழுப் பிரகாசத்துடன் ஒளிர்ந்தால், நீங்கள் பார்ப்பது எல்இடி. உண்மையான ஹீட்டர் மெல்லச் சிவந்து எழ பத்து நொடிக்கு மேல் ஆகும். எல்இடி இருப்பதாலேயே பொருள் மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வால்வு சூடேறும் முன்பே பாட்டும் முழுச் சத்தத்தில் வந்துவிட்டால், அந்த வால்வு இசையின் வழியில் இல்லை. அந்தப் பணத்துக்கு வெறும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் இன்னும் நல்லது கிடைக்கும். கைபேசி சார்ஜர் அளவுள்ள சிறிய அடாப்டரில் ஓடிக்கொண்டு, நூறு வாட் என்று எழுதியிருப்பதையும் நம்ப வேண்டாம். அடாப்டரின் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள். வரும் எண்ணைவிட அதிகமாக அது தொடர்ந்து தர முடியாது.

ஸ்பீக்கரைக் காக்கும் ரிலே உள்ளதா என்று கேளுங்கள். டிரான்சிஸ்டர் பழுதானால் நேர் மின்சாரம் ஸ்பீக்கருக்குள் பாய்ந்து காயிலை எரித்துவிடும். ரிலே அதைத் துண்டிக்கும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரில் இந்த ஆபத்து இல்லை. அதற்கு உள்ள ஆபத்து வேறு: ஸ்பீக்கர் வயர் இல்லாமல் பாட்டை ஓடவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரே எரிந்துபோகலாம். சர்வீஸ் சென்டர் சென்னையில் இருக்கிறதா, போர்டு இருப்பில் வைத்திருக்கிறார்களா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேட்டு முடிவு செய்வது

முடிந்தால் இரண்டையும் உங்கள் வீட்டில், உங்கள் ஸ்பீக்கரில் கேளுங்கள். கைபேசியில் உள்ள சத்தம் அளக்கும் செயலியை வைத்து இரண்டின் சத்தத்தையும் சமமாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதே நல்லதாகத் தோன்றிவிடும். இன்றைய பிளேயர்கள் 2 வோல்ட் வரை சிக்னல் தருகின்றன. பழைய ப்ரீ ஆம்ப்ளிஃபயரில் (சிக்னலை முதலில் வாங்கிச் சீராக்கும் பெட்டியில்) ரேடியோவுக்காகச் செய்யப்பட்ட உள்முனைக்கு அதில் பத்தில் ஒரு பங்கே போதும். நேராக இணைத்தால் ஒலி கரகரத்து, பழையது சரியில்லை என்று தவறாக முடிவு செய்துவிடுவீர்கள். நடுவில் சிக்னலைக் குறைக்கும் இரண்டு ரெசிஸ்டர்களை வைத்துத் தரச் சொல்லுங்கள்.

எந்தப் பாட்டை வைப்பது? மனப்பாடமாகத் தெரிந்ததை வையுங்கள். மிருதங்கத் தனி ஒன்று இருக்கட்டும். வலந்தலையின் நாதம் நீளும்போது அதன் ஓரம் தெளிவாக இருக்கிறதா, தொப்பியின் ஒலி சொல்லுக்குச் சொல் பிரிகிறதா என்று கேளுங்கள். உச்ச ஸ்தாயியில் பாடும் பெண் குரல் ஒன்றும், நாதஸ்வரம் ஒன்றும் வேண்டும்; இவை இரண்டும் காதைக் குத்தத் தொடங்கும் இடம்தான் ஆம்ப்ளிஃபயரின் எல்லை. கானாப் பாட்டு கேட்பவர் டோலக்கும் கைத்தட்டும் சேரும் இடத்தைக் கேட்க வேண்டும். அங்கு நல்ல ஹைபிரிட்டின் கட்டுப்பாடு வால்வை வெல்லும் என்பது என் அனுபவம். குரலும் வீணையும் புல்லாங்குழலும் மட்டுமே போதும் என்பவர்களுக்கு வால்வு ஆம்ப்ளிஃபயரில் கிடைப்பது வேறோர் நெருக்கம். ஒரே அமர்வில் முடிவெடுக்காமல், ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று மாலைகளாவது கேளுங்கள். காது சோர்கிறதா இல்லையா என்பது அப்போதுதான் தெரியும்.

வீட்டிலேயே பழைய செட் இருந்தால்

பரணில் தாத்தா காலத்து வால்வு செட் ஒன்று இருக்கிறது, வெளியே ஏன் தேட வேண்டும் என்று நினைப்பவர்கள், ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக அதை பிளக்கில் செருகாதீர்கள். பல ஆண்டுகள் மின்சாரம் காணாத ஃபில்டர் கண்டென்சர் முழு வோல்ட்டை ஒரேயடியாகப் பெற்றால் வெடிக்கும், அல்லது டிரான்ஸ்ஃபார்மரையும் இழுத்துக்கொண்டு போகும். மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கண்டென்சர்களை மாற்றி, வேரியாக்கில் வைத்து வோல்ட்டை மெல்ல மெல்ல ஏற்றச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்பாக, பின்மூடியின் துளை வழியே வால்வுகளின் பெயரைப் படியுங்கள். யுஎல்84, யுஒய்85 என்று யு எழுத்தில் தொடங்கினால், அது டிசி மின்சாரத்திலும் ஓடும்படி செய்யப்பட்ட செட். அதில் வீட்டு மின்சாரத்தைப் பிரித்து நிறுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் பொதுவாக இருக்காது. பிளக்கைத் திருப்பிச் செருகினால் உள்ளே உள்ள இரும்புச் சட்டமே 230 வோல்ட்டில் நிற்கும். அத்தகைய செட்டுடன் கைபேசியையோ பிளேயரையோ வயர் மூலம் இணைக்கவே கூடாது. மெக்கானிக் பழுது பார்த்து, கைப்பிடிக் குமிழ்களின் திருகுகளை மெழுகிட்டு மூடி, பின்மூடியையும் பொருத்திக் கொடுத்த பிறகு, அதை வானொலி கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஆம்ப்ளிஃபயரை வேறாகப் பாருங்கள்.